வாபாஷ் கரையில் அழிந்த படை

நண்பர்களே, 1783இல் பாரிசில் உடன்படிக்கை எழுதினார்கள். ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே இருந்த பெரும் நிலப்பரப்பை பிரிட்டன் அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. அங்கே வாழ்ந்த மயாமி, ஷானி, டெலவேர் பூர்வகுடி மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரம் ஒருவர் கையில், நிலம் இன்னொருவர் காலடியில். சண்டை வராமல் என்ன செய்யும்?

அந்த நிலத்தை விற்றுக் கடனை அடைக்கலாம் என்பது புதிய அரசின் கணக்கு. ஆனால் பிடித்துவைக்கப் படை இல்லை. நிரந்தரப் படை வைத்தால் ஒருநாள் அது நம் மேலேயே பாயும் என்று பயந்த தலைமுறை அது. பிரிட்டிஷ் சிப்பாய்களிடம் பட்டவர்கள், பயத்தில் நியாயம் உண்டு. 1790இல் தளபதி ஜோசையா ஹார்மர் அந்தப் பூர்வகுடிகளை அடக்கப் போனார், அடிவாங்கித் திரும்பினார்.

அடுத்த ஆண்டு தளபதி ஆர்தர் செயின்ட் கிளேரின் முறை. வயதானவர், கீல்வாதத்தால் அவதிப்பட்டவர். அவரிடம் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதத்துக்கென்று சேர்ந்தவர்கள், அப்புறம் கென்டக்கியிலிருந்து வந்த ஊர்ப்படை. உணவு காண்ட்ராக்ட் வில்லியம் டூயர் கையில். அந்த மனிதரோ படைக்கு வந்த முன்பணத்தைத் தன் சூதாட்ட வியாபாரத்தில் திருப்பிவிட்டார். பசித்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள். ஓடியவர்கள் வழியில் உணவு வண்டிகளைக் கொள்ளையடித்துவிடுவார்களோ என்று, இருந்த ஒரே உருப்படியான ரெஜிமென்டையும் பின்னால் அனுப்பினார் செயின்ட் கிளேர்.

1791 நவம்பர் 4. வாபாஷ் ஆற்றின் தலைப்பகுதி. காலை அணிவகுப்பு முடிந்து, அடுப்பு மூட்டும் நேரம். மயாமித் தலைவர் லிட்டில் டர்டிலும் ஷானித் தலைவர் ப்ளூ ஜாக்கெட்டும் நடத்திய கூட்டணிப் படை பாய்ந்தது. முதலில் ஊர்ப்படை சிதறி, சொந்த முகாமுக்குள்ளேயே ஓடிவந்தது. மரத்துக்குப் பின்னால் நின்றவர்கள் பீரங்கிக்காரர்களையும் அதிகாரிகளையும் குறிபார்த்துச் சுட்டார்கள். சுமார் மூன்று மணி நேரம்தான். ஏறக்குறைய 1,400 பேரில் 600க்கும் மேல் பிணம். 1876இல் கஸ்டர் என்ற அமெரிக்க அதிகாரி பூர்வகுடிகளிடம் தோற்று மாண்ட புகழ்பெற்ற சண்டையில், அமெரிக்கத் தரப்பில் செத்தவர்கள் ஏறத்தாழ 270 பேர். அதைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது!

சரி, தோற்றபின் என்ன செய்தார்கள்? எனக்கு அதுதான் முக்கியம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை விசாரணைக் குழு அமைத்தது, நிர்வாகத்தின் செயலை அந்த நாடாளுமன்றம் விசாரித்தது அதுவே முதல் தடவை. போர்த்துறையின் காகிதங்களைக் கொடு என்றது. அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் அமைச்சரவையைக் கூட்டினார். பொதுநலனுக்குக் கெடுதி தரும் ஆவணத்தை மறுக்க அதிபருக்கு உரிமை உண்டு, ஆனால் இந்தக் காகிதங்களில் அப்படி ஒன்றும் இல்லை என்று முடிவாயிற்று. கொடுத்துவிட்டார்கள். குழு தளபதியை விட்டுவிட்டு, சப்ளையையும் நிர்வாகத்தையும் குறை சொன்னது. சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் படையை யார்க்டவுனில் ஜெயித்த மனிதரிடமே கணக்குக் கேட்டார்களே, அந்தத் துணிச்சலைப் பாருங்கள்!

கூடவே அந்தோனி வெய்ன் தலைமையில் முறையான படையும் உருவானது. 1794 ஆகஸ்டில் ஃபாலன் டிம்பர்ஸில் அது வென்றது. தோற்று ஓடிவந்த பூர்வகுடி வீரர்களுக்குப் பக்கத்திலிருந்த பிரிட்டிஷ் கோட்டை கதவைத் திறக்கவில்லை. அடுத்த ஆண்டு கிரீன்வில் உடன்படிக்கையில் லிட்டில் டர்டிலும் கையெழுத்திட்டார். இன்றைய ஓஹையோவின் பெரும்பகுதி போயிற்று. 1803இல் அது அமெரிக்காவின் 17ஆவது மாநிலம்.