அரிசி யாருடையது, உமி யாருடையது?

(மலேசியாவில், சிரம்பான் பக்கத்து லாபு வட்டாரத் தோட்டக் கோயில் மண்டபத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போன சில வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, சட்டமன்ற உறுப்பினரின் சார்பில் வந்திருக்கும் அவருடைய செயலாளர் அவர்களே, மாநகர் மன்ற உறுப்பினர் அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அவர்களே, மகளிர் பிரிவுத் தலைவி அவர்களே, ஓய்வு பெற்ற பெரிய கிராணி ஐயா அவர்களே, இந்த மண்டபத்துக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் அவர்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கிற தம்பிமார்களே, எல்லாருக்கும் வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் சாப்பாட்டுப் பந்தியில் வந்து என்னைத் திட்டலாம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘அதிவேக ரயிலுக்கு உள்ளூர் மக்களின் வரிப்பணம் போக வேண்டுமா?’ மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். இதுவரை யார் பணம் போட்டார்கள், ரயில் வந்தால் லாபம் யாருக்கு, சாதாரண ஆளுக்கு டிக்கெட் கட்டுப்படியாகுமா. அதற்கு முன்னால் என் பாட்டி சொல்கிற பழமொழி ஒன்று. என்னைத் தெரிந்தவர்கள் ‘ஆரம்பிச்சுட்டார்யா’ என்று சிரிப்பது தெரிகிறது. பரவாயில்லை. ‘நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், ரெண்டு பேரும் ஊதி ஊதித் தின்போம்.’

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர், தொண்ணூறு நிமிடத்தில் போய்விடலாம் என்று 2013-இல் இரண்டு பிரதமர்களும் அறிவித்தார்கள். 2016 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. எட்டு நிலையங்கள். அதில் சிரம்பானுக்கான நிலையம் எங்கே வருவதாக இருந்தது? சிரம்பான் பட்டணத்தில் இல்லை. இங்கே, நம் லாபுவில்! அன்றைக்கு டீக்கடையில் எத்தனை பேர் நிலம் வாங்க விலை பேசினார்கள், எத்தனை பேர் மகனுக்கு ரயிலில் வேலை என்று பெண் பார்த்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். 2018-இல் திட்டத்தை ஒத்திவைத்தோம். அதற்குச் சிங்கப்பூருக்கு ஒன்றரைக் கோடி சிங்கப்பூர் டாலர் கட்டினோம். 2020 முடிந்ததோடு ஒப்பந்தமும் முடிந்தது. அதற்கு இழப்பீடு என்று 10 கோடியே 28 லட்சம் சிங்கப்பூர் டாலர். நம் காசில் ஏறக்குறைய 32 கோடி ரிங்கிட்.

ஆகவே ‘வரிப்பணம் போக வேண்டுமா’ என்று இப்போது கேட்பது கொஞ்சம் தாமதம். வராத ரயிலுக்கே டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

(இதோ, பட்டம் வாங்கிய நம் டத்தோ வருகிறார். வாருங்கள் டத்தோ. முன்வரிசையில் இடம் வைத்திருக்கிறோம். டத்தோ அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பள்ளியின் கணினி அறைக்குக் கதவு போட்டுக் கொடுத்தவர், போன வருடத் திருவிழாவில் அன்னதானத்தின் ஒரு நாள் உபயம் அவருடையது. பலத்த கைத்தட்டல் கொடுங்கள். தம்பி, டத்தோவுக்கு ஒரு தண்ணீர் பாட்டில்.)

சரி, எங்கே விட்டேன்? இப்போது திட்டத்தை மறுபடி தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள். 2023-இல் தனியாரிடம் யோசனை கேட்டார்கள், 2024 ஜனவரியில் ஏழு கூட்டணிகள் திட்டங்களைக் கொடுத்தன. தனியாரே பணம் போட வேண்டும், அரசாங்கம் ஜாமீன் நிற்காது என்பதுதான் பேச்சு. கேட்க இனிமையாக இருக்கிறது. தைவானிலும் இப்படித்தான் சொன்னார்கள். அங்கே பாதை 345 கிலோமீட்டர், நம்முடையதுக்கு உடன்பிறப்பு மாதிரி நீளம். அரசாங்கம் காசு போட வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று தனியார் கம்பெனி எடுத்தது. 2007-இல் ரயில் ஓடியது, நன்றாகவே ஓடியது. ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. 2009-இல் நிர்வாகம் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 2015-இல் மறுபடி நிதியைச் சீரமைக்க வேண்டியதாயிற்று.

தைவானுக்குப் போவானேன்? நம் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் போன பாதையைப் பாருங்கள். 1891-இல் திறந்தது, ஒரு தனியார் கம்பெனியின் பாதை. 1908-இல் அதை அரசாங்கமே வாங்கிக்கொண்டது. இன்றைக்கு அதில் ரயிலே ஓடுவதில்லை. ரயில் என்றால் கடைசியில் பில் அரசாங்கத்தின் மேசைக்கு வந்துவிடும், அங்கிருந்து நம் வீட்டு மேசைக்கு. நான் தனியாருக்கு விரோதி இல்லை, டத்தோ தவறாக நினைக்கக் கூடாது.

உள்ளூர்க்காரர்களே பங்கு போடுகிற நாடு ஜப்பான். அங்கே புதிய ஷிங்கன்சென் என்கிற அதிவேக ரயில் பாதைக்கு, ரயில் கம்பெனி தரும் வாடகை போக மீதிச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு மத்திய அரசு, ஒரு பங்கு பாதை போகிற மாநிலம். சும்மா தலையாட்டிக் கொடுத்துவிடுகிறார்களா? ஷிகா மாநிலத்தில் காதா யுக்கிகோ என்று ஒரு பெண்மணி, ஏரி ஆராய்ச்சி செய்த பேராசிரியர், புதிய ஷிங்கன்சென் நிலையத்துக்கு நம் வரிப்பணம் வேண்டாம் என்று 2006 ஆளுநர் தேர்தலில் நின்றார், ஜெயித்தார். அடுத்த வருடமே அந்த நிலையம் ரத்து. இன்னொரு மாநிலம் சாகா. எங்களுக்கு இருக்கிற ரயிலே போதும், நாங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றது. 2022 செப்டம்பரில் நாகசாகிப் பக்கம் திறந்த புதிய பாதை 66 கிலோமீட்டர்தான். மற்ற ஷிங்கன்சென் பாதையோடு சேராமல் தனியாக நிற்கிறது. அங்கே உமி கொண்டு வந்தவன் நிற்கும்போது, அரிசி கொண்டு வந்தவன் ‘கொஞ்சம் இருப்பா’ என்று கேட்கிறான்.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். பழைய ஆட்களுக்குத் தெரியும், இளைய பிள்ளைகள் கேளுங்கள்.

முன்பெல்லாம் தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில்தான் பத்துமலைக்குப் போவோம். ஒரு வருடம் கோயில் கமிட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரன் ஏர்கோன் பஸ்ஸில் போனானாம், நாம் மட்டும் ஆடு மாடு மாதிரி லாரியிலா? வீட்டுக்குப் பத்து வெள்ளி, அதாவது பத்து ரிங்கிட். தோட்டத்தின் ஒன்றாம் டிவிஷனுக்கும் (பிரிவுக்கும்) பத்து வெள்ளி, நாலு மைல் உள்ளே இருக்கிற மூன்றாம் டிவிஷனுக்கும் அதே பத்து வெள்ளி. ரசீதுப் புத்தகம் போட்டு, தோட்டத்து மேற்பார்வைக்காரரான மண்டோர் வீடு வீடாகப் போய் வசூல் செய்தார். அன்றைக்கு ராத்திரி நல்ல மழை. விடியற்காலை பஸ் வந்தது. டிரைவர் செம்மண் ரோட்டை எட்டிப் பார்த்தான், டார்ச் அடித்துப் பார்த்தான், ‘அண்ணே, வயிறு தட்டும்’ என்று மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டான். ஒன்றாம் டிவிஷன்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து ஏறிவிட்டார்கள். மூன்றாம் டிவிஷனைக் கூட்டிவர டிராக்டர் என்று ஏற்பாடு. டிராக்டர் இருக்கிறது, டீசல் இருக்கிறது, சாவியைக் காணோம். தேடாத இடம் இல்லை. சாவி எங்கே? டிராக்டர் ஓட்டுகிற ஆள் இடுப்பில். ஆள் எங்கே? ஏர்கோன் பஸ்ஸில் முன் சீட்டில், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு! (அவர் இப்போது மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன். சிரிக்கிறவரைப் பாருங்கள், தெரியும்.)

மூன்றாம் டிவிஷன் ஜனங்கள் பார்த்தார்கள். பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, உருமி அடித்துக்கொண்டு, சேற்றில் நடந்தே வந்தார்கள். மெயின் ரோட்டுக்கு வரும்போது பஸ் கிளம்பிவிட்டது. கிளம்பாவிட்டாலும் இடம் இல்லை, ஒன்றாம் டிவிஷன்காரர்களின் சொந்தபந்தமெல்லாம் சிரம்பானிலிருந்து வந்து ஏறியிருந்தார்கள். அங்கே ஒரு கிழவி, பல்லில்லாத ஆயா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மண்டோரைக் கேட்டாள்: ‘தம்பி, பஸ்ஸு போயிடுச்சு, சரி. என் பத்து வெள்ளியும் அதுலதான் குந்திக்கிட்டுப் போவுதா?’

அந்த வருடம் அவர்கள் முனீஸ்வரன் கோயிலிலேயே பாலை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அடுத்த தைப்பூசத்துக்கு மண்டோர் மறுபடி ரசீதுப் புத்தகத்தோடு போனபோது, ஆயா வாசலிலேயே நிறுத்திவிட்டாள். ‘மொதல்ல டிராக்டர அனுப்பு, அப்புறம் ரசீதக் கிழி.’

அந்த ஆயாவைத்தான் நான் போக்குவரத்து ஆலோசகராக வைத்திருப்பேன்.

இரண்டாவது விஷயம், லாபம் யாருக்கு. நிலையம் லாபுவில் வந்தால் செம்பனை நிலம் வீட்டு மனையாக மாறும். நிலத்தின் விலை ஏறினால் அது நிலத்துக்குச் சொந்தக்காரரின் லாபம். விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும்போது கட்டுகிற பிரிமியம் மாநில அரசுக்கு. ரயில்வே கூட்டரசின் அதிகாரம், நிலம் மாநிலத்தின் அதிகாரம் என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. கடைகளும் வீடுகளும் பெருகினால் மாநகர் மன்றத்துக்கு மதிப்பீட்டு வரி கூடும். தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த லைன் வீட்டில் மூன்று தலைமுறையாக இருந்த குடும்பத்துக்கு? 1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி நிலத்துக்கான இழப்பீடு நிலத்தின் சொந்தக்காரருக்குத்தான் போகும். வேலை போனால் ஆட்குறைப்புத் தொகை, வீட்டைக் காலி செய்யக் கடிதம். ஊதி ஊதித் தின்போம் என்று கூப்பிடுகிறார்களே, இவர்கள் கொண்டு வந்தது அரிசி.

லண்டனில் எலிசபெத் பாதை என்கிற ரயிலுக்கு ஒரு வழி கண்டார்கள். 2010-லிருந்து பெரிய வணிகக் கட்டடங்களுக்கு மட்டும், வரிக்காகப் போட்ட மதிப்பில் பவுண்டுக்கு இரண்டு பென்ஸ் கூடுதல் வரி. சின்னக் கடைக்காரனுக்கு விலக்கு. 2022-இல் ரயில் ஓடியது. நிலத்தால் லாபம் பார்க்கிறவர் ரயிலுக்குப் போடட்டும். லாபுவிலும் அதையே செய்யலாம், மாநில அரசு மனது வைத்தால் பிரிமியத்தில் ஒரு பங்கை ஒதுக்கலாம்.

நாம் வருடத்துக்கு இரண்டு தரம் கட்டுகிற மதிப்பீட்டு வரி? அது பஸ்ஸுக்கு. ஆமாம், பஸ்ஸுக்கு! நான் எங்கே போனாலும் இதைத்தான் பேசுகிறேன், பேசுவேன். மணிக்கு 300 கிலோமீட்டரில் போகிற ரயிலைப் பற்றி மாநாடு போடுகிறார்கள். லாபு ஸ்டேஷனில் இன்றைக்கே கே.டி.எம். கொமுட்டர் என்கிற புறநகர் ரயில் நிற்கிறது. உள் டிவிஷன் பிள்ளை அந்த ஸ்டேஷனுக்கு எப்படி வரும்? அப்பாவின் மோட்டார் சைக்கிளில், மழையென்றால் ரெயின்கோட்டுக்குள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மா கிராப் வாடகைக் காருக்குக் கொடுக்கிற காசு மருந்து விலையைவிட அதிகம். காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை, கொமுட்டர் நேரத்துக்குப் பொருத்தமாக ஒரு சின்ன பஸ். போக்குவரத்து அமைச்சராக இருக்கிற அந்தோணி லோக் பக்கத்துச் சிரம்பான் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர்தான். தூரத்தில் இருக்கிறவரிடம் கேட்கவில்லை, பக்கத்தில் இருக்கிறவரிடம்தான் கேட்கிறோம். செயலாளர் அவர்கள் குறித்துக்கொள்கிறார், நன்றி.

மூன்றாவது விஷயம் டிக்கெட் விலை. தலைவர் மணி அடித்துவிட்டார். அடுத்து பரதநாட்டியம் இருக்கிறது, பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு ரொம்ப நேரமாக நிற்கிறார்கள். டிக்கெட்டைப் பற்றி வேறொரு மேடையில் பேசுகிறேன்.

பஸ் கேட்டு எழுதிய மனு செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பெயர், அடையாள அட்டை எண், எந்த டிவிஷன் என்று தெளிவாக எழுதுங்கள். போன தடவை பாதிப் பேர் டிவிஷனை எழுதாமல் விட்டதால் மனு திரும்பி வந்தது. பேனா இரண்டுதான் இருக்கிறது, எழுதி முடித்ததும் தயவுசெய்து மேசையிலேயே வைத்துவிடுங்கள்.