பல்லோடு பிறந்த பிள்ளை

நேயர்களுக்கு வணக்கம்.

பச்சைக்குழந்தையின் வாயில் பல் தெரிந்தால், நம் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்து வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "மாமனுக்கு ஆகாது" என்பதுதான். கொடி சுற்றிப் பிறந்தாலும் இதையே சொல்வோம், மேல்பல் முதலில் முளைத்தாலும் இதையே சொல்வோம். தாய்மாமன் எண்ணெயில் பிள்ளையின் முகம் பார்த்துவிட்டுப் போகட்டும், அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு காதில் விழுந்து, பிள்ளை பெற்றவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுவதைப் பல் மருத்துவராக நான் பார்த்திருக்கிறேன். மனசு தாங்காது. அவள் சாப்பிட்டதாலோ, கிரகணத்தில் வெளியே போனதாலோ வந்த பல் இல்லை அது.

தாய் வயிற்றில் ஆறேழு வாரத்திலேயே பால்பல்லுக்கான வேலை தொடங்கிவிடுகிறது. வழக்கமாக அது வெளியே தெரிய ஆறு மாதமாவது ஆகும். சில பிள்ளைகளுக்குப் பல்லின் முளை ஈறுக்குள் ஆழமாக இல்லாமல் மேலாகவே அமைந்துவிடும். அதனால் பிறக்கும்போதே இருக்கும், இல்லையென்றால் முதல் 30 நாளுக்குள் எட்டிப் பார்க்கும். சில குடும்பங்களில் வழிவழியாக வருவதும் உண்டு. இரண்டாயிரம், மூவாயிரம் பிரசவத்துக்கு ஒன்று இப்படி அமையும். 1638-ல் பிறந்த பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி பல்லோடு பிறந்தவர்தான். 72 வருஷம் அரசாண்டார்.

பெரும்பாலும் கீழ் ஈறின் முன்பக்கம்தான் வரும். சிறிதாக, கொஞ்சம் மஞ்சளாக, வேர் சரியாகப் பிடிக்காமல் ஈறின் சதையோடு ஆடிக்கொண்டிருக்கும். உபரிப் பல் என்று நினைத்துவிடாதீர்கள். நூற்றில் தொண்ணூறுக்கு மேல் அது அந்தப் பிள்ளையின் பால்பல்லேதான். பிடுங்கினால் ஆறேழு வயதில் நிலைப்பல் முளைக்கும்வரை அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். அதனால் உறுதியாக நிற்கிற பல்லை விட்டுவிடுவோம். ரொம்ப ஆடினால், கழன்று மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடாதே என்று எடுத்துவிடுவோம்.

தயவுசெய்து வீட்டில் நூல் கட்டி இழுக்காதீர்கள். பிறந்த குழந்தைக்கு இரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே உடம்பில் குறைவு. அதற்காகத்தான் பிறந்தவுடன் தொடையில் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி போட்டாயிற்றா என்று பார்க்காமல் முதல் பத்து நாளில் நாங்களே பல்லில் கை வைப்பதில்லை. வரும்போது டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் கொண்டு வாருங்கள்.

ஈறில் கடுகளவு வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பல் ஆகாது. சில வாரத்தில் தானாக மறைகிற முத்துகளும் உண்டு. அவற்றை ஊசியால் குத்த வேண்டாம்.

நான் அதிகம் கவலைப்படுவது நாக்கைப் பற்றித்தான். பால் குடிக்கும்போது பிள்ளையின் நாக்கு கீழ் ஈறின்மேல் படிந்து முன்னும் பின்னும் போகும். பல்லின் கூர்மை உரசி உரசி நாக்கின் அடியில் புண்ணாகும். பசியோடு மார்பில் வாய் வைக்கும், இரண்டு வாய் உறிஞ்சும், உடனே வீறிட்டு அழும். "பால் பத்தவில்லை" என்று பாட்டி புட்டிப்பாலுக்கு ஆள் அனுப்புவதற்கு முன், நாக்கை மெதுவாகத் தூக்கி அடியில் பாருங்கள். வெளுத்த புண் இருந்தால் உடனே அழைத்து வாருங்கள். பல்லின் முனையை மழுக்கினாலே பெரும்பாலும் ஆறிவிடும், ஆறாவிட்டால்தான் எடுப்பதைப் பற்றி யோசிப்போம். அதுவரை தாய்ப்பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய சங்கிலோ பாலாடையிலோ புகட்டுங்கள்.