மேக்ஸ்வில் மைதானத்தில் காலை எட்டு மணி

வணக்கம் நேயர்களே.

கோடை விழாக்களைப் பற்றிப் பேசும் இந்த வரிசையில், நீங்கள் போய்வந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்று அழைத்தார்கள். நான் ஸ்கொட்லாந்துக்காரர்களின் விழாவைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி, சொல்லுங்கள்" என்றார்கள். ஆகவே சொல்கிறேன்.

கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் கிழக்குக் கோடியில், ஒட்டாவாவிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தூரத்தில் மேக்ஸ்வில் என்றொரு கிராமம் இருக்கிறது. சுற்றிலும் சோளக்காடு, மாட்டுப்பண்ணை. 'மேக்' என்று தொடங்கும் பெயர்க்காரர்கள் அத்தனை பேர் இருந்ததால்தான் ஊருக்கே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கேலிக் மொழியில் மேக் என்றால் மகன். ஆகஸ்ட் மாத முதல் திங்கள் விடுமுறைக்கு முந்திய வெள்ளியும் சனியும் இங்கே கிளெங்காரி ஹைலண்ட் கேம்ஸ் நடக்கும். ஹைலண்ட் என்பது ஸ்கொட்லாந்தின் மலைநாடு. 1948இல் தொடங்கிய விழா. முதல் விழாவைத் திறந்துவைத்தவர் அன்றைய பிரதமர் மெக்கென்சி கிங். வட அமெரிக்காவின் பைப் என்ற காற்றுப்பை வாத்தியக் குழுக்களின் சாம்பியன் போட்டியும் இங்கேதான்.

இந்த விழாவில் எல்லோரும் படம் பிடிப்பது மாலை நேரத்தை. நூற்றுக்கணக்கான பைப் வாத்தியக்காரர்களும் தாளக்காரர்களும் ஒன்றாக அணிவகுத்து மைதானத்துக்குள் வரும் காட்சி அது. நானும் அதைப் பார்க்கத்தான் போனேன். நேரத்தைத் தப்பாகக் குறித்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே போய் நின்றேன். கோப்பிக் கடைக்காரர் அப்போதுதான் கொட்டகையைத் திறந்துகொண்டிருந்தார். அந்தத் தவறு நடந்திருக்காவிட்டால் இன்று உங்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

ஏனென்றால் காலையில்தான் போட்டிகள். ஒரு மரத்தடியில் சின்ன மேசை, அதன் பின்னால் கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை கட்டிய ஒரு நடுவர், கையில் பேனா. எதிரே பன்னிரண்டு வயது இருக்கலாம், ஒரு சிறுமி. பையைக் காற்றால் நிரப்பி, ஒரு நிமிஷத்துக்கு மேல் சுருதி சரிபார்த்து, பிறகு தனியாக வாசித்தாள். பார்வையாளர் என்று நான், அவளுடைய அம்மா, ஒரு நாய். அவள் முடித்துத் தலைகுனிந்துவிட்டுப் போனதும் அடுத்த பையன் வந்தான். மைதானத்தின் ஓரங்களெல்லாம் இப்படியே.

ஹைலண்ட் பைப்பைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் நாதஸ்வரத்தில் வாசிப்பவரின் உதடு சீவாளி மேலேயே இருக்கும். பக்கத்தில் ஒருவர் ஒத்து பிடித்துச் சுருதி கொடுப்பார். பைப்பில் உதடு சீவாளியைத் தொடுவதே இல்லை. காற்று பைக்குள் போகிறது, பையைக் கை அழுத்துகிறது, தோளில் சாய்ந்த மூன்று குழல்கள் ஒத்து வேலையைப் பார்க்கின்றன. மொத்தம் ஒன்பது சுரம்தான். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. நடுவில் நிறுத்தவும் முடியாது. அப்படியானால் ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிப்பது எப்படி? இடையில் கண் சிமிட்டும் நேரத்துக்கு வேறொரு சுரத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும். அந்தத் தொடுதல் சுத்தமாக இருக்கிறதா என்பதைத்தான் நடுவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பக்கத்து மேடையில் வாள் நடனம். இரண்டு வாள்களைக் குறுக்காகத் தரையில் வைத்து, நான்கு இடைவெளிகளுக்குள்ளும் நுனிக்காலில் ஆடுவது. ஒருகாலத்தில் ஆண்கள் ஆடியது, இப்போது பெரும்பாலும் பெண்பிள்ளைகள். கால் பட்டு வாள் நகர்ந்துவிட்டால் பரிசு அதோடு போச்சு. ஒரு குழந்தைக்கு என் கண் முன்னால் அப்படி நடந்தது. அழாமல் கடைசி அடி வரை ஆடி முடித்துவிட்டு, மேடைக்குப் பின்னால் போய்த்தான் அழுதாள்.

கேபர் எறிதலும் பார்த்தேன். மின்கம்பம் மாதிரி ஒரு மரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி எறிவார்கள். எவ்வளவு தூரம் போகிறது என்பது கணக்கே இல்லை. மரம் தலைகுப்புறப் புரண்டு, கடிகாரத்தில் பன்னிரண்டைக் காட்டும் முள் மாதிரி, எறிந்தவருக்கு நேர் எதிரே நீட்டி விழ வேண்டும். பதினொன்றில் விழுந்தால் குறைவு. இவ்வளவு பெரிய உடம்புக்காரர்கள் இத்தனை நுணுக்கத்துக்காகச் சண்டைபோடுவது எனக்குப் பிடித்திருந்தது.

கில்ட் விஷயத்தில் என் நண்பர் ஒருவருக்கு ஒரு நக்கல் உண்டு. "இதெல்லாம் பிற்காலத்து வேஷம்" என்பார். பாதி உண்மைதான். 1746இல் கலோடன் போரில் ஹைலண்ட்காரர்கள் தோற்ற பிறகு அந்த உடையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1782இல்தான் தடை நீங்கியது. அப்புறம் 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்கொட் ஏற்பாட்டில் ஊரே டார்டன் என்ற அந்தக் கட்டம்போட்ட துணியைக் கட்டி நின்றது. இன்ன குலத்துக்கு இன்ன கட்டம், இன்ன நிறம் என்ற கணக்கெல்லாம் பெரும்பாலும் அந்த நூற்றாண்டில் உறைந்ததுதான். இருக்கட்டுமே. துணி புதிது என்பதற்காக அந்தச் சிறுமியின் விரல் சுத்தம் பொய்யாகிவிடுமா? நண்பர் மாலையில்தான் வந்தார், துணியைத்தான் பார்த்தார்.

மேக்ஸ்வில் இருக்கும் இந்தக் கிளெங்காரி வட்டாரத்துக்கு இந்த மக்கள் வந்த கதை அவ்வளவு பளபளப்பானதல்ல. 1786இல் ஸ்கொட்லாந்தில் நொய்டார்ட் என்ற மேற்குக் கரைப் பகுதியிலிருந்து சுமார் ஐந்நூறு பேர், ஒரு பாதிரியாரோடு, ஒரே கப்பலில் புறப்பட்டார்கள். வாடகை ஏறிக்கொண்டிருந்த காலம். பிற்பாடு நிலப்பிரபுக்களுக்கு மனிதர்களைவிட ஆடுகள் லாபமாகத் தெரிந்தன, இன்னும் பலர் கிளம்பினார்கள்.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பிறந்தது இலங்கை மலைநாட்டில், தலவாக்கலையில், ஹோலிரூட் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில். மலைநாட்டை அறிந்தவர்களுக்குத் தோட்டங்களின் பெயர்கள் தெரியும்: ஹோலிரூட், பல்மோரல், டன்சினேன், ஸ்ட்ராத்ஸ்பே. எல்லாம் ஸ்கொட்லாந்துப் பெயர்கள். 1867இல் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர். அவருக்குப் பின்னால் தோட்டங்களை நடத்திய துரைமார் எத்தனையோ பேர். விடியற்காலையில் தப்பு அடித்து எங்கள் பாட்டன் பூட்டன்மாரை வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்துக்குக் கூப்பிட்டது அந்தத் துரைமாரின் ஆட்சியில்தான். நான் பள்ளிக்கூடத்து அப்பியாசக் கொப்பியில் ஹோலிரூட் என்று எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். அது எடின்பரோவில் உள்ள ஓர் அரண்மனையின் பெயர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று. மேக்ஸ்வில்லில் இந்த விழா தொடங்கிய 1948ஆம் வருஷம்தான் இலங்கையில் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களான எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. விழா மலரில் அந்த வருஷத்தைப் பார்த்தபோது கையிலிருந்த கோப்பியைக் குடிக்க மறந்து நின்றேன். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் கிடையாது. ஆனாலும் நின்றேன்.

மத்தியானம் குலக் கூடாரங்கள் பக்கம் போனேன். வரிசையாகக் கூடாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பப் பெயர், மேசையில் தடித்த வம்சாவளிப் புத்தகங்கள். ஒரு பெரியவர் கூப்பிட்டு உட்காரவைத்து, எந்த ஊர் என்று கேட்டார். ஹோலிரூட் என்றேன். எடின்பரோவா என்றார். இல்லை, தலவாக்கலை என்றேன். தேயிலை, லயம், துரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், "எங்கள் ஆட்கள் அங்கே அப்படியா இருந்தார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். சிலோன் தேயிலையா என்று நான் கேட்கவில்லை.

பிறகு, உங்கள் ஊரில் இப்படி விழா உண்டா என்றார். காமன் கூத்தைச் சொன்னேன். மாசி மாதம் காமன் கம்பம் நடுவது, ரதியும் மன்மதனும் லயம் லயமாக வருவது, கடைசி இரவில் சிவன் நெற்றிக்கண் திறந்து மன்மதனை எரிப்பது, ரதியின் ஒப்பாரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி இதுதான்: "யார் மார்க் போடுவார்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிகள் என்றேன்.

"கடுமையானவர்களா?"

ரதியின் ஒப்பாரியில் ஓர் அடி தவறினால், அவளை நிறுத்திவிட்டு அவர்களே பாடிக் காட்டுவார்கள் என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

நன்றி, வணக்கம்.