ஏலக்கூடத்தில் தொடங்கிய கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரிப் பக்கத்தில் ஓர் ஏக்கர் தேயிலை வைத்திருந்த என் தந்தையார், பறித்த பச்சை இலையைத் தொழிற்சாலையில் போட்டுவிட்டு, கிலோவுக்கு என்ன விலை என்று அறிய மாதக் கடைசிவரை காத்திருப்பார். குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போயிற்று என்பதைப் பொறுத்தே எங்கள் வீட்டுக் கணக்கு அமையும். அந்த ஏலத்தின் விதிகளை யார் வகுத்தார்கள், ஏன் அப்படி வகுத்தார்கள் என்று நாங்கள் அன்று கேட்டதில்லை. பின்னாளில் பொருளியல் படித்தபோதுதான், அத்தகைய கேள்வியைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட பொருளியலாளர் ரோஜர் மயர்சனைப் பற்றி அறிந்தேன்.

1951-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த மயர்சன், ஹார்வர்டில் பயன்பாட்டுக் கணிதம் பயின்று 1976-இல் முனைவர் பட்டம் பெற்றார். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றியபின், 2001-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

1981-இல் அவர் வெளியிட்ட ஏல ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பொருளுக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பது வாங்குபவரின் மனத்துக்குள் இருக்கிறது; அதை வெளியே சொன்னால் அவருக்குத்தான் நட்டம். அப்படியானால், மறைப்பதால் ஆதாயம் இல்லாதபடி விதியை அமைக்க முடியுமா, அதற்கு விற்பவர் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். விற்பவர் ஓர் அடிப்படை விலையை வைத்து அதற்குக் கீழே இறங்காதிருக்க வேண்டும், அதனால் சில வேளை சரக்கு விலைபோகாமல் தங்கினாலும் சரி என்பது அவர் கண்ட முடிவு. ஒரே மாதிரியான வாங்குபவர்கள் இருவர் வந்தாலும் இருபதின்மர் வந்தாலும் அந்த அடிப்படை விலை மாறாது என்றும் நிறுவினார். இதை முதலில் படித்தபோது நம்ப முடியாமல், தாளில் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயினும் இந்தச் சூத்திரத்தை அப்படியே குன்னூருக்குக் கொண்டுவரக் கூடாது. அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பொருளின் விற்பனை; இங்கோ பெரும்பாலும் அதே வாங்குபவர்களே வாரந்தோறும் விலை கேட்கிறார்கள்.

ஆதாயம் தேடுவோரும் உண்மையை மறைக்காதபடி விதிகளை வகுப்பது எப்படி என்று ஆராயும் இத்துறைக்கு (mechanism design) அடித்தளமிட்டதற்காக, லியோனிட் ஹர்விச், எரிக் மாஸ்கின் ஆகியோருடன் 2007-ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார்.

என்னை மிகவும் ஈர்ப்பது, இதே கேள்வியை அவர் அரசியலுக்குக் கொண்டுசென்ற விதம். அரசியல் சாசனம் எவ்வளவு செம்மையாக எழுதப்பட்டிருந்தாலும், பதவியில் இருப்பவர் அதை மீறுவதில் ஆதாயம் கண்டால் அது ஏட்டோடு நின்றுவிடும். நேர்மையாக ஆளத் தெரிந்தவர் யார் என்பது மக்களுக்கு எப்படித் தெரியவரும்? ஊர் அளவில் பொறுப்பேற்று, பொதுப் பணத்தை ஒழுங்காகச் செலவிட்டுக் காட்டியவர், மேல்மட்டப் பதவிக்கு நம்பத்தக்க போட்டியாளர் ஆகிறார். அத்தகையோர் பலர் காத்திருக்கும்போது, மேலே இருப்பவரும் ஒழுங்காக நடக்க வேண்டியதாகிறது. 2003-ஆம் ஆண்டுப் போருக்குப் பிந்தைய ஈராக் பற்றிப் பேசும்போதும் உள்ளூர் மன்றங்களுக்கு அவர் முதன்மை கொடுத்தார்.

நமக்கு இது புதிய அனுபவமன்று. 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, இருபது ஆண்டுகள் கழித்துச் சென்னை மாகாணத்தின் பிரதமரானார்; இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். விடுதலைப் போராட்டமே அவரை உயர்த்திற்று என்பது உண்மை. ஆனாலும் நிர்வாகம் செய்யத் தெரிந்தவர் என்ற பெயர் அவருக்குச் சேலத்திலேயே கிடைத்துவிட்டது.

மயர்சன் ஒரு நிபந்தனையையும் வலியுறுத்துகிறார்: உள்ளூர்த் தலைவரின் கையில் அவரே பொறுப்பேற்றுச் செலவிடும் நிதி இருக்க வேண்டும். 73-ஆவது சாசனத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்து ஊராட்சிகளுக்குச் சாசனத் தகுதி அளித்தது; எவ்வளவு அதிகாரமும் நிதியும் தருவது என்பதை மாநிலங்களிடம் விட்டது. எங்கள் ஹட்டியில் (படகர் சிற்றூரில்) தண்ணீர் வராத நாளில், குழாய் ஊராட்சியின் பொறுப்பா, மேலே உள்ள துறையின் பொறுப்பா என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அது தெளிவாகாதவரை, ஊராட்சித் தலைவர் திறமையானவரா இல்லையா என்பதை அந்தக் குழாயைப் பார்த்து எங்களால் சொல்ல முடியாது.

நன்றி, வணக்கம்.