மாதவிடாய் நின்ற பின் வரும் உதிரம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கருப்பையின் உட்படலத்தில் தோன்றும் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பல புற்றுநோய்கள் ஓசையின்றி வளர்ந்து, முற்றிய பின்பே வெளித்தெரிகின்றன. இந்நோயோ பெரும்பாலும் தொடக்கத்திலேயே உதிரப்போக்காகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இது கண்ட பெண்களில் 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு முதல் அறிகுறி அதுவே.

மாதவிடாய் முற்றிலும் நின்றுபோன பெண்ணுக்கு மீண்டும் உதிரம் தென்பட்டால், அது ஒரு துளியாயினும், ஒரே நாளில் நின்றுபோயினும், துணியில் பட்ட வெளிர்சிவப்புக் கறை அளவே ஆயினும், மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். அளவு குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று கருதுவதற்கு இடமில்லை. அதே வேளையில் வீண் அச்சமும் வேண்டாம். இவ்வாறு உதிரம் கண்டு வருவோரில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கிறது. மற்றவர்களுக்குப் படலம் மெலிந்துபோதலும் சிறு சதை வளர்ச்சிகளுமே பெரும்பாலும் காரணம். மாதவிடாய் நிற்காத வயதிலோ இரு மாதவிடாய்களுக்கு இடையே வரும் உதிரமும், வழக்கத்துக்கு மாறான மிகைப்போக்கும் கவனிக்கத்தக்கவை. உடற்பருமன், நீரிழிவு, சினைப்பை நீர்க்கட்டி நோய், குடும்பத்தில் லிஞ்ச் நோய்க்குறி (கருப்பை, குடல் புற்றுநோய்களுக்கு வழிவகுக்கும் பரம்பரை மரபணுக் குறைபாடு) ஆகியவை உள்ளவர்கள் இவற்றைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கூடாது. அடிவயிற்று வலி, வயிறு உப்புதல், எடை குறைதல் ஆகியவை பெரும்பாலும் நோய் பரவிய பின் வருபவை. ஆகையால் வலி வரட்டும் என்று காத்திருப்பது பெருந்தவறு.

பாப் ஸ்மியர் சரியாக இருந்தது என்று ஆறுதல் கொள்வோரை நான் அடிக்கடி காண்கிறேன். அது கருப்பைவாய்க்கான சோதனை. உட்படலப் புற்றுநோயை அதை நம்பி விலக்க முடியாது. பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் படலத்தின் தடிப்பு 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் மாதவிடாய் நின்றவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் உதிரம் தொடர்ந்தாலோ மீண்டும் வந்தாலோ படலத்தில் சிறிது திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி செய்துதான் ஆக வேண்டும்.

நோய் கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டறியப்பட்டால், ஐந்தாண்டு பிழைப்பு விகிதம் 90 விழுக்காட்டுக்கும் மேல். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிவிட்டாலோ அது ஏறக்குறைய 20 விழுக்காடாகச் சரிகிறது. இந்த வேறுபாட்டை எண்ணும்போதெல்லாம், வெட்கத்தால் மாதக்கணக்கில் வாய் திறவாதிருந்த பெண்கள் என் மனத்தில் வருகிறார்கள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்னும் நிலை மட்டுமே அனைத்தையும் தீர்மானிப்பதில்லை என்பதும் உண்மை. சீரஸ் வகை போன்ற தீவிரமான கட்டிகள் சிறிதாக இருக்கும்போதே பரவக்கூடும்; மரபணு ஆய்வில் போல்-ஈ என்னும் மரபணுவில் மாற்றம் காணப்படும் கட்டிகளோ, நுண்ணோக்கியில் கடுமையாகத் தோன்றினும், மிக நல்ல பலன் தருகின்றன. பி53 என்னும் மரபணு மாறுபட்ட கட்டிகளுக்குக் கூடுதல் சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படும்.

நோய் திரும்புவதாயின் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்புகிறது. கருப்பை நீக்கிய பின்னும் பிறப்புறுப்பில் உதிரம் தென்பட்டால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே வர வேண்டும். அங்கு மட்டும் திரும்பிய நோயை, முன்பு கதிர்வீச்சு பெறாதவர்களிடம், கதிர்வீச்சால் பலமுறை குணப்படுத்த முடிகிறது. தொடக்க நிலையிலேயே குணமானவர்களுக்கு நெடுநாளில் பெரிய அச்சுறுத்தலாக நிற்பது இதயநோய். ஆதலால் அவர்களுடைய எடையையும் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிப்பது புற்றுநோய் மருத்துவத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும்.