சிவப்பா, பச்சையா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உணவகத்தில் போய் உட்கார்ந்தால், பரிமாறுபவர் "சிவப்பா, பச்சையா?" என்று கேட்பார். எந்த மிளகாய்க் குழம்பை ஊற்றட்டும் என்கிறார். இரண்டும் ஒரே செடியில் காய்ப்பவைதான். காயாகப் பறித்துச் சுட்டால் பச்சை, பழுக்கவிட்டு உலர்த்தினால் சிவப்பு. இரண்டும் வேண்டுமா, "கிறிஸ்துமஸ்" என்றால் போதும். இந்தக் கேள்வியைத்தான் மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வி என்று சட்டமன்றம் அறிவித்திருக்கிறது!

மாநிலப் பறவை, பூ, மரம் எல்லாம் எல்லா மாநிலங்களிலும் உண்டு. இங்கே பறவை ரோட்ரன்னர், பூ யூக்கா. ஆனால் மாநிலத்துக்கென்று ஒரு மணம்? 2023இல் அதையும் சட்டமாக்கினார்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். இலையுதிர் காலம் நெருங்கும்போது கடை வாசல்களில் கம்பிவலை உருளைக்குள் பச்சை மிளகாயைப் போட்டுச் சுற்றிக்கொண்டே தீயில் வாட்டுவார்கள். தெருவே மணக்கும். அந்த மணம்தான். யோசனை லாஸ் குரூசஸ் நகரத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுடையது. பெரியவர்களுக்கு இது தோன்றியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சரி, கொடிக்கு வருவோம். மஞ்சள் துணி, நடுவில் சிவப்புச் சூரியன், அவ்வளவுதான். 2001இல் கொடி ஆர்வலர்கள் நடத்திய வாக்கெடுப்பில் வட அமெரிக்காவின் மாநில, மாகாணக் கொடிகளில் இதற்குத்தான் முதலிடம். கொடியை வடிவமைத்த ஹாரி மேரா சாண்டா ஃபேயில் மருத்துவர், தொல்லியலிலும் ஈடுபாடு உள்ளவர். மாநிலம் இதை 1925இல் ஏற்றுக்கொண்டது.

அந்தச் சூரியன் மேராவின் கற்பனை அல்ல. சியா பியூப்ளோ என்ற பழங்குடி ஊரின் பானை ஒன்றில் இருந்தது. சியா மக்களுக்கு அது புனிதச் சின்னம். வட்டத்தின் நான்கு பக்கமும் நான்கு நான்கு கதிர்கள்: திசைகள் நான்கு, பருவங்கள் நான்கு, ஒரு நாளின் பொழுதுகள் நான்கு, மனித வாழ்வின் கட்டங்கள் நான்கு. இதை எடுத்துக் கொடியில் போட்டபோது அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தச் சூரியன் கடைப் பலகை, சாவிக்கொத்து, டி-ஷர்ட் என்று எங்கும் ஏறிவிட்டது. 1990களில் சியா மக்கள் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார்கள், மாநில அரசிடம் இழப்பீடும் கேட்டார்கள். கொடியை இறக்கச் சொல்வதல்ல அவர்கள் நோக்கம். கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள் என்பதே அவர்கள் நிலை. சிலர் கேட்கவும் செய்தார்கள். ஒரு விமான நிறுவனம் தன் விமானத்துக்கு இந்தக் கொடியின் நிறங்களைத் தீட்டியபோது, ஊராரிடம் அனுமதி பெற்று, அவர்களுடைய பிள்ளைகளின் கல்வி நிதிக்கும் பணம் தந்தது.

என்னைக் கேட்டால், மிளகாய் மணத்துக்குச் சட்டம் போட்ட சட்டமன்றத்துக்கு இதற்கும் ஒரு வழி செய்வது பெரிய காரியமல்ல. இன்றைக்கும் அந்தச் சூரியனைத் தன் பொருளில் அச்சிட நினைக்கும் வியாபாரி சியா மக்களிடம் கேட்பதும் கேட்காததும் பெரும்பாலும் அவர் விருப்பம்தான்.