ஸ்லாட்டின் நீளத்தை நம்பாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கல்யாண வீடியோ ஸ்டூடியோ, ஸ்கேன் மையம் என்று எங்கே போனாலும் இப்போது ஒரு நெட்வொர்க் சேமிப்பு சர்வர், அதாவது எல்லாக் கணினிகளின் கோப்புகளையும் ஒரே இடத்தில் வைக்கும் பெட்டி, இருக்கிறது. வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஹார்டு டிஸ்க் போடலாம்?" என்பதுதான். நானோ, கூடுதல் கார்டு செருக ஸ்லாட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன்.

பல சர்வர்களில் கூடவே வரும் நெட்வொர்க் போர்ட் ஒரு கிகாபிட். அதில் வினாடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் போகும். இன்றைய பெரிய ஹார்டு டிஸ்க் ஒன்றே 200 மெகாபைட் வேகத்தில் படிக்கும். ஆறு டிஸ்க் போட்டாலும் வாசல் குறுகல்தானே? 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு போட்டால் ஆயிரம் மெகாபைட்டைத் தொடலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்டூடியோவில் அப்படி ஒரு கார்டு போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் வேகம் 400ஐத் தாண்டவில்லை. கேபிளை மாற்றினேன், அப்புறம் நெட்வொர்க் ஸ்விட்சையும் மாற்றினேன். இரண்டு நாள் போனது. கடைசியில் மின்சாரத்தை நிறுத்தி, கார்டைக் கழற்றி, ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்தேன். ஒரு முனையில் மட்டும் பொன்னிறப் பின்கள், மீதி நீளம் முழுக்க வெறும் பிளாஸ்டிக். எட்டுத் தடத்துக்கான நீளம்; உள்ளே இருந்தது ஒரே தடம்!

கூடுதல் கார்டு செருகும் இந்த வகை ஸ்லாட்டுக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்று பெயர். அதில் தகவல் ஓடும் பாதையைத்தான் தடம் என்கிறேன். ஆங்கிலத்தில் லேன் (lane) என்பார்கள்; அப்படிச் சொன்னால் நெட்வொர்க் லேன் (LAN) என்று குழம்பிவிடும். இரண்டாம் தலைமுறையில் ஒரு தடத்துக்கு வினாடிக்கு 500 மெகாபைட், மூன்றாம் தலைமுறையில் ஏறக்குறைய 985. அந்த ஸ்டூடியோ சர்வர் இரண்டாம் தலைமுறை. நடைமுறையில் வீணாவது போக 400 வந்ததே சரிதான்.

நீளம் ஒரு கணக்கு, தடம் வேறு கணக்கு என்று இருப்பது தவறும் இல்லை. சைனாலஜி டிஎஸ்1621 பிளஸ் என்ற சேமிப்பு சர்வரில் எட்டுத் தட ஸ்லாட்டில் நான்கு தடம்தான் ஓடும். விவரக் குறிப்பிலேயே அப்படிப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் தலைமுறையில் நான்கு தடம் இரண்டு 10 கிகாபிட் போர்ட்டுக்குத் தாராளம். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வர் என்றால் எல்எஸ்பிசிஐ (lspci -vv) கட்டளையே எத்தனை தடம் இணைந்திருக்கிறது என்று காட்டிவிடும்.

அந்தக் கார்டு வீணாகவில்லை. அதே ஸ்டூடியோவில் நான்கு தடம் உள்ள வேறு சர்வரில் இன்றும் ஓடுகிறது.